செல்லாத்தாள் பேசிய விலை

மாநில எல்லையோரம் கோபாலபுரம் பக்கம் செல்லாத்தாளை வாயாடி என்று யாரும் சொன்னதில்லை. கொஞ்சம் கடலைக்காடு, கறவை எருமை ஒன்று, எவரிடமும் பணிந்து பேசும் மரியாதை. இவ்வளவுதான் அவள் சொத்து. அந்த மரியாதைக்குள் எத்தனை வன்மத்தை வைக்க முடியும் என்பது எழுபத்து நாலாம் வருஷம் ரத்தினசாமிக்குத் தெரிந்தது.

ரத்தினசாமி ராஜபாளையம் நாய் வளர்த்துக் குட்டி விற்பவன். முந்தின வருஷம் அவனிடம் அவள் வாங்கிய வெள்ளைக் குட்டிக்குப் பிறவியிலேயே காது கேட்காது. தெரிந்தேதான் அவள் தலையில் கட்டினான். செல்லமாக வளர்ந்த நாய், செக்போஸ்ட் சாலையில் ஹாரன் அடித்துக்கொண்டே வந்த லாரியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் அடிபட்டுச் செத்தது. நியாயம் கேட்கப் போனவளிடம், அவளுக்கு நாய் வளர்க்கத் தெரியவில்லை என்று சொல்லிச் சிரித்தான். பாவி! அவன் வியாபாரம் படுப்பதைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்று, அவன் நாய் அடுத்த ஈற்றுக் குட்டி போடும் வரைக்கும் அவள் வயிறெரியக் காத்திருந்தாள்.

மாட்டுத் தரகர்களைப் போல ரத்தினசாமியும் துண்டுக்கடியில் விரலைப் பிடித்துத்தான் விலை பேசுவான். ஒருவனுக்குச் சொன்னது அடுத்தவனுக்குத் தெரியாது. ஆனால் ஒரு பெண்பிள்ளையின் கையைத் துண்டுக்கடியில் பிடிக்க முடியுமா? அவளிடம் வாய்விட்டுத்தான் பேசியாக வேண்டும். செல்லாத்தாள் நம்பிப் போனது அதைத்தான்.

அன்றைக்கு வாசல் நிறைய ஆட்கள். மூணாறு எஸ்டேட்டிலிருந்து குட்டி வாங்க வந்திருந்த சந்தனம் என்ற கங்காணியின் கை துண்டுக்குள் இருந்தது. செல்லாத்தாள் கும்பிட்டுவிட்டு விலை கேட்டாள். அவளைச் சீக்கிரம் அனுப்பிவிட நினைத்து ரத்தினசாமி இருநூறு என்றான்.

"நாயமான வெலைதானுங்ண்ணா. ஆனா போன குட்டிக்குக் காது கேக்கலீங்க. அதுக்காவ கொஞ்சம் கொறச்சுக்குங்க."

முகம் கறுத்துப்போய் நூற்றைம்பதுக்கு வந்தான். இதுவும் அதே தாய் போட்டதுதானே, அதற்கும் கொஞ்சம் பார்த்துச் செய்யுங்கள் என்றாள். லாரியில் நசுங்கிய நாயைப் புதைக்கக் குழி வெட்டிய கூலியையும் கழித்துக்கொள்ளச் சொன்னாள். இவள் வாயை மூடினால் போதுமென்று அவன் ஐம்பதுக்கு இறங்கினான். அவள் குரல் ஒரு முறைகூட உயரவில்லை. உள்ளுக்குள் மட்டும் இனித்தது.

சந்தனம் துண்டுக்குள்ளிருந்து கையை உருவினான்.

"எங் கையில முந்நூறுன்னுல்ல விரலப் பிடிச்சீரு? காதும் கேக்காதாக்கும்?"

பையை எடுத்துக்கொண்டு அவன் பஸ்ஸுக்கு நடந்தான். மற்றவர்களும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார்கள்.

வாசல் காலியானதும் ரத்தினசாமி பல்லைக் கடித்தபடி, "சும்மாவே எடுத்துட்டுப் போ அம்மிணி. ஊருக்குள்ள மட்டும் பேசாத" என்றான்.

செல்லாத்தாள் குட்டியைத் தூக்கினாள். அது அவள் விரலை நக்கியது. ஆசையாகத்தான் இருந்தது. ஆனாலும் இறக்கிவிட்டாள்.

"ஊட்டுல ஒரு வார்த்த கேட்டுட்டு வர்றனுங்ண்ணா."

அவள் வீட்டில் கேட்பதற்கு ஒருவரும் இல்லை என்பது அவனுக்குத் தெரியும். துணைக்கு இருந்த ஒரே நாயும் அவன் விற்றதுதான்.