பூநாரைக்குப் பயந்த காவல்காரர்

மரக்காணத்துக்குத் தெற்கே, கடலோரத்து லைட்டவுசுக்கு ராயப்பன் காவல்காரர். அவர் மனைவி சூசை மேரி அந்த மனிதரை மதிப்பதை விட்டுப் பல வருஷமாகியிருந்தது.

சர்க்கார் கொடுத்த காக்கிக் கோட்டை மாட்டிக்கொண்டு, சவுக்குத் தோப்பு வழியாகக் கழுவெளி ஏரிக்குப் போகும் ஒற்றையடிப் பாதையில் மூங்கிலைக் குறுக்கே கட்டி நிற்பார். திண்டிவனம் சந்தைக்குப் போகும் மீன்காரிகள் ஆளுக்கொரு மீன் கொடுத்தால்தான் மூங்கில் உயரும். துரைமார் பறவை சுட வந்தாலோ முதுகு வில்லாய் வளையும். அவர்கள் சுட்டுப்போட்ட பூநாரைகளைச் சேற்றில் இறங்கிப் பொறுக்கிக் கொடுப்பார். மிச்சமாகக் கிடைக்கும் ஒன்றை வீட்டுக்குத் தூக்கி வந்து, தானே சுட்டதாகப் பீற்றிக்கொள்வார். சேறு படிந்த அவர் வேட்டியைத் துவைப்பவளிடமே இந்தப் பீற்றல்!

நாற்பத்திரண்டில், உலக யுத்தத்தின்போது, ஜப்பான்காரன் வருகிறான் என்று சென்னைப் பட்டணமே காலியானது. லைட்டவுஸ் விளக்கையும் அணைத்துவிட்டார்கள்.

"வரட்டுமே! இந்த ராயப்பனைத் தாண்டித்தான் உள்ள வரணும்" என்று மீன்காரிகளிடம் மார்தட்டினார்.

ஒருநாள் விடியற்காலையில் ஏரிக்கரையில் நரி புகுந்ததோ என்னவோ, பூநாரைக் கூட்டம் மொத்தமாகக் கத்திக்கொண்டு எழும்பியது. இறக்கை இரைச்சல் தோப்புக்கு மேலே வந்தது. ராயப்பன் வீட்டுக்கு விழுந்தடித்து ஓடிவந்தார்.

"ஏரோப்ளேன்! ஜப்பான்காரன் வந்துட்டான்டி!"

சூசை மேரி வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தாள். செவ்விறக்கைகள் வெயில் பட்டுப் போய்க்கொண்டிருந்தன.

"மேல பாருங்க. நீங்க பொறுக்கிக்கினு வர்ற பட்சிதான்."

அவர் பார்க்கவில்லை. சர்க்கார் ஆளென்று பிடித்துவிடுவார்களாம்; கோட்டைக் கழற்றிக் கிணற்றில் போட்டார். "பின்னாடியே வந்து சேரு" என்று சொல்லிவிட்டு, வளவனூரில் தங்கை வீட்டைப் பார்த்து ஓடினார்.

சூசை மேரி பின்னாடியே போகவில்லை. நேரே பாதைக்குப் போய் மூங்கிலை அவிழ்த்துப் பிளந்து அடுப்புக்கு வைத்தாள். சந்தைக்குக் கிளம்பிய மீன்காரி முனியம்மாள் கூடையோடு நின்றாள்.

"உங்க ஊட்டுக்காரரு எங்கக்கா?"

"பட்சி வெரட்டிக்கினு போயிடுச்சி."

கூடைகள் காலியாகுமுன் திண்டிவனம் சந்தை முழுக்கச் சிரித்தது.

இரண்டு வாரம் கழித்து ராயப்பன் வந்தார். மேலதிகாரிக்குத் தகவல் சொல்லப் போனதாக ஒரு கதை கட்டினார். பாதையில் போய் நின்றதும் முனியம்மாள் இரண்டு கையையும் விரித்துச் சிறகடித்துக் காட்டினாள். மற்றவர்கள் கூடை குலுங்கச் சிரித்துக்கொண்டே அவரைத் தாண்டிப் போனார்கள். ஒருத்தியும் மீன் கொடுக்கவில்லை.

அவர் வீட்டுக்குத் திரும்பிக் கஞ்சி கேட்டார்.

"பானையில கீது, ஊத்திக் குடி" என்றாள் சூசை மேரி. சொல்லிவிட்டு, இந்த இரண்டு வாரமாகச் சந்தைக்குச் சுமக்கும் தன் மீன்கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு மீன்காரிகளுக்குப் பின்னால் நடந்தாள்.