மாமனார் நிறுத்திய பஃப்

சில வருடங்களுக்கு முன், ஐப்பசி மழை விடாமல் பிடித்துக்கொண்டிருந்த நேரம். பாகூர் பக்கம் எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு இருமல். வைரஸ் காய்ச்சல் என்றார்கள். எனக்கு முழுப் பயமும் என் மாமனாரை நினைத்துத்தான். நெல், கரும்பு என்று இன்றும் வயலில் நிற்கிற மனிதர், ஆனால் ஆஸ்துமாக்காரர். சாதாரண சளியே அவரை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ப் படுக்க வைத்துவிடும். காலையும் மாலையும் இன்ஹேலரை வாயில் வைத்து பஃப் அடித்து இழுத்துத்தான் காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்து, திருவாண்டார்கோயில் பக்கம் கம்பெனி வேலைக்குப் போகும் என் ஓரகத்தி, கொழுந்தன் மனைவி, ஒரு டப்பா கேப்சூல் வாங்கி வந்தாள். "புரோபயாட்டிக் மாமா. உள்ள நல்ல பாக்டீரியா உசுரோட கீது. வயித்துல இருந்துகினு எதிர்ப்பு சக்தி குடுக்குமாம், சளி காய்ச்சல் கிட்ட வராதாம்" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. நெஞ்சுச் சளிக்கு வயிற்று மருந்தா? அதிலும் உயிரோடு இருக்கிற கிருமியை யாராவது முழுங்குவார்களா? வீட்டில் என்னை சி.ஐ.டி. என்றுதான் கிண்டல் செய்வார்கள். காய்காரர் தராசையே எட்டிப் பார்க்கிறவள் நான். டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், ஒரு கேப்சூலைப் பிரித்து முகர்ந்தும் பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. மாமனாரோ மறக்காமல் தினமும் போட்டுக்கொண்டார்.

அடுத்த வாரமே அவருக்குப் பேச்சு நடுநடுவே நின்றது. வயலிலிருந்து வீடு வருவதற்குள் வழியில் உட்கார ஆரம்பித்தார். கேப்சூல்தான் வேலையைக் காட்டுகிறது என்று நான் முடிவே கட்டிவிட்டேன். ஓரகத்தியிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒரு மத்தியானம் மூச்சு விட முடியாமல் அவர் உதடெல்லாம் நீலம் பாரித்துவிட்டது. அவரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். டப்பாவையும் சாட்சிக்கு எடுத்துக்கொண்டேன்.

டாக்டர் நெபுலைசர் வைத்துவிட்டு, நான் நீட்டியதை வாங்கிப் பார்த்தார். "இதனால வந்தது இல்லம்மா. பஃப் அடிக்கிறாரா?"

"அடிக்கிறாரே" என்றேன். மூச்சு கொஞ்சம் திரும்பியிருந்த மாமனார் இல்லை என்று தலையாட்டினார்.

"நிறுத்திட்டேன் சார். உயிர் உரம் போட்ட நெலத்துல மருந்து அடிக்கக் கூடாது, பாக்டீரியா செத்துப்பூடும்னு விவசாய ஆபீசர் சொல்லிகீறாரு. இத்தையும் முழுங்கிட்டு மேல பஃப் அடிச்சா, உள்ள இருக்கறது சாவாதா? இன்னாத்துக்கு வீணாக்கறதுன்னுதான்..."

டாக்டர் சிரிக்கவில்லை. "கேப்சூல் வயித்துக்குப் போவுது, பஃப் நெஞ்சுக்குப் போவுது பெரியவரே. ஒண்ணு ஒண்ணைக் கொல்லாது. இது சிலருக்கு சளித் தொந்தரவைக் கொஞ்சம் குறைக்கலாம்னு சொல்றாங்க, உறுதியாச் சொல்ல முடியாது. ஆனா பஃப்புக்குப் பதில் இது இல்ல. இன்னும் லேட்டா வந்திருந்தா கஷ்டம்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் ஓரகத்தி சோறு போட்டு வைத்தாள். அவளை நிமிர்ந்து பார்க்க எனக்கு முகமில்லை.

சந்தேக புத்தி இன்றும் போகவில்லை. காலையில் அவர் அறையிலிருந்து 'புஸ்' என்ற சத்தம் கேட்ட பிறகுதான் அடுப்பில் டீ வைக்கிறேன். கேப்சூலையும் கொடுத்தவளையும் அத்தனை சந்தேகப்பட்ட எனக்கு, "பஃப் அடிச்சீங்களா மாமா" என்று ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லையே என்பது அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் உறுத்துகிறது.