சைக்கிளில் மாமாவை அழைத்து வந்த அண்ணன்

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிற நாளில் இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களே, நண்பர்களே! உங்களில் பெரும்பாலோர் அண்ணனோடு பழகியிருப்பீர்கள். அவர் பேசிக் கேட்டவர்கள் குறைவாகத்தான் இருப்பீர்கள். அவருக்கும் சேர்த்து நானே பேசிவிடுவேன் என்று வீட்டில் கேலி செய்வார்கள். அதனால்தானோ என்னவோ, இதை எழுதும் பொறுப்பும் தங்கையாகிய என் தலையில் விழுந்திருக்கிறது.

அண்ணன் பிறந்தது திருமயத்துக்குத் தெற்கே, கடலையும் வரகும் விளைகிற ஒரு சிற்றூரில். புதுக்கோட்டைச் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த 1948ஆம் ஆண்டில் அப்பா காலமானார். அண்ணனுக்கு அப்போதுதான் மீசை அரும்பியிருந்தது. மறுநாளே ஏர் பிடித்தார் என்று எழுதினால் பொய்யாகும். ஒரு மாதம் போல மாடுகளுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். பிறகு ஒரு நாள் எழுந்துபோய் ஏரைப் பூட்டினார். அதற்கப்புறம் அவர் ஓய்ந்து உட்கார்ந்து நாங்கள் பார்க்கவில்லை. ஆத்தாவையும் என்னையும் ஒரு வேளைகூடப் பட்டினி போட்டதில்லை.

ஊரில் யார் வீட்டில் பிள்ளை பிறந்தாலும் விடியற்காலையில் வாசலில் ஒரு செம்பு பால் இருக்கும். வைத்தவர் யாரென்று கேட்க வேண்டியதில்லை. அது எங்கள் வீட்டு ஒடுக்கு விழுந்த செம்பு. விசேஷ வீடுகளில் கடைசிப் பந்தியில்தான் உட்காருவார். குழம்பு தீர்ந்திருந்தால் ரசத்தோடு எழுந்து வந்துவிடுவார். "பேசுனா வாயி தேஞ்சா போயிரும், அண்ணே?" என்று நான் வம்புக்கு இழுப்பேன். சிரிப்பார், அவ்வளவுதான்.

அந்த அமைதி ஒரே ஒரு முறை எங்களைச் சந்தியில் நிறுத்தப் பார்த்தது. அது என் கல்யாணத்தில். தாய்மாமன் மாலை போட்ட பிறகே பெண் மணவறைக்கு வருவது எங்கள் வழக்கம். அந்த மாமாவை வெற்றிலை பாக்கு வைத்து, வாய் நிறைய "வாங்க" என்று அழைக்க வேண்டும். அழைக்க அண்ணன் போனார். அன்று மாமா வீட்டில் கடலை பறிப்பு, ஆள் போதவில்லை. அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கடலைக் கொல்லையில் இறங்கிவிட்டார். பொழுது சாய்ந்ததும் வெற்றிலை பாக்கை அத்தை கையில் கொடுத்து, மாமாவுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஊர் திரும்பிவிட்டார். அழைத்தாகிவிட்டது என்றே அவர் நினைத்தார். நாள் முழுக்கக் கூட நின்றவன் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று மாமாவுக்கு மனத்தாங்கல். இது எங்களுக்குத் தெரியாது.

கல்யாணத்தன்று முகூர்த்தம் நெருங்கியும் மாமாவைக் காணோம். "மாமன் மாலை விழாம பொண்ணை எப்படிங்க மணவறைக்குக் கொண்டாருவீங்க?" என்று மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் கேட்டேவிட்டார்.

ஆத்தா அண்ணனைப் பார்த்து, "வாங்கன்னு வாயத் தொறந்து சொன்னியாப்பா?" என்றார். அண்ணன் முகம் வெளுத்துவிட்டது. பந்தல்காலில் சாத்தியிருந்த யாருடைய சைக்கிளையோ எடுத்துக்கொண்டு பறந்தார். கூரைப்புடவையோடு உள்ளே உட்கார்ந்திருந்த எனக்குக் கல்யாணம் நின்றுபோகும் என்றே பட்டது. அண்ணன் மேல் வந்த கோபத்தை இப்போது நினைத்தால் சிரிப்புத்தான் வருகிறது.

நாயனக்காரர் வாசித்ததையே திரும்ப வாசித்துக்கொண்டிருந்தபோது சைக்கிள் வந்து நின்றது. பின்னால் கேரியரில் மாமா, தலைப்பாகையோடு, மடியில் மாலையோடு, காலில் செருப்பில்லாமல். மாலையை முதல் நாளே கட்டி வாங்கி வைத்திருந்தாராம்!

பந்தியில் அவரே எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்: "வந்து என் காலைப் புடிச்சுக்கிட்டான். 'மாமா, வாங்க. நீங்க வரலைன்னா எந்தங்கச்சி உள்ளயே உக்காந்திருக்கும்'னான். அம்புட்டு நீளமா அவன் பேசி இன்னைக்குத்தான் கேக்குறேன். செருப்பு மாட்டக்கூடத் தோணலப்பா."

கடந்த ஐப்பசியில் ஒரு நாள், மதினியிடம் கஞ்சி வாங்கிக் குடித்துவிட்டுப் போன அண்ணன், மத்தியானம் கட்டிலில் தூக்கி வரப்பட்டார். மழையில் சிதறிய அடுத்த கொல்லைக்காரரின் ஆட்டுக்குட்டிகளை ஓட்டிச் சேர்த்துவிட்டு, கண்மாய்க் கரைப் புளிய மரத்தடியில் ஒதுங்கியிருக்கிறார். இடி அங்கே விழுந்தது. அந்தக் கரையில் அதற்கு வேறு மரமா இல்லை? இந்த ஆத்திரம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அன்று மழையோடு மழையாகக் கரைக்கு ஓடியவர்களுக்கும், கருமாதி வரை எங்கள் வீட்டுக்குச் சோறு கொண்டுவந்தவர்களுக்கும், மதினிக்குத் துணையாக மாறி மாறி வந்து படுத்துக்கொண்ட பெண்களுக்கும், அண்ணன் விதைத்த கடலையைப் பறித்து வீடு சேர்த்தவர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டது.

மாமாவுக்கு மட்டும் தனியாக நன்றி சொல்ல வேண்டும். என் மகளுக்கு அண்ணன் மடியில் வைத்துக் காது குத்துவதாக இருந்தது. தோடுகூட அவரே செய்து வைத்திருந்தார். துக்கத்தால் தள்ளிப்போட நினைத்தோம். ஆனால் பிள்ளைக்கு வயது இரட்டைப்படையில் ஏறிவிடும், அப்போது குத்தக்கூடாது என்றார் என் மாமியார். எனவே வைகாசியில், யாரையும் அழைக்காமல், கோயிலில் நாங்கள் மட்டும் கூடினோம்.

ஆசாரி ஊசியை எடுத்துக்கொண்டு, "மாமன் மடி யாருங்க?" என்றார். பங்காளி முறையில் ஓர் அண்ணனை உட்காரச் சொல்லலாம் என்றார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. மகளைக் கையிலிருந்து இறக்காமல் நின்றேன்.

அப்போது கோயில் வாசலில் மாமா வந்துகொண்டிருந்தார், வெயிலில் வேர்த்து விறுவிறுத்து, கம்பை ஊன்றிக்கொண்டு.

"ஒங்களுக்கு யாருமே வந்து சொல்லலயே, மாமா" என்றேன்.

"ஒங்கண்ணன் இருந்தா மட்டும் சொல்லியிருப்பானாக்கும்? புள்ளைய இங்கிட்டுக் கொண்டாத்தா" என்று சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

நான் சிரித்துவிட்டேன். அண்ணன் போன பிறகு அன்றுதான் சிரித்தேன். மகளை மாமா மடியில் வைத்ததும் அவள் அழத் தொடங்கினாள். ஊசி இன்னும் காதருகில்கூட வரவில்லை. அதற்குள் நாங்கள் எல்லாரும் அழுதுகொண்டிருந்தோம்.