செல்வி அக்காவும் பனிக்கால வண்டியும்

பழைய பேப்பரை நான்காக மடித்து நெஞ்சில் வைத்து, அதன்மேல் கணவரின் முழுக்கைச் சட்டையை மாட்டிப் பொத்தான் போடுகிறார் தங்கச்செல்வி அக்கா. அசைந்தால் பேப்பர் சரசரக்கிறது. "ஸ்வெட்டரெல்லாம் சும்மா பேருக்கு சிஸ்டரு. காத்தப் பூராம் உள்ள விட்டுரும். பேப்பருதான் நின்னு மறிக்கும்" என்கிறார். சேலைக்குள் மகனுடைய டிராக் பேன்ட். இரண்டு கையிலும் ஆண்கள் போடும் சாக்ஸ், கட்டைவிரல் நீட்ட மட்டும் ஓட்டை. தலையில் குரங்குக் குல்லா, அதற்கு மேல் ஹெல்மெட். பாளையம்பட்டியில் எங்கள் தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்க வந்தவர்கள் எல்லாரும் இந்த அலங்காரத்தைப் பார்த்துத் தினமும் ஒரு பாட்டம் சிரிப்பார்கள். அக்காவும் சேர்ந்து சிரித்துவிட்டு, சோக்கை இழுத்து வண்டியை உதைப்பார்.

அக்காவுக்கு ஐம்பது வயது நெருங்குகிறது. திருச்சுழியில் ஒரு மாணவியர் விடுதியில் சமையல் வேலை. எனக்கு அதே ஊரில் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. இருவரும் விடியுமுன்னே கிளம்ப வேண்டியவர்கள். நான் முதல் பஸ்ஸில் போவேன். அக்கா, திருப்பூருக்குப் பிழைக்கப் போன மகன் விட்டுச்சென்ற கியர் வண்டியில் வருவார். பெண்களுக்கு டிக்கெட் இல்லாத பஸ் வாசலிலேயே நிற்கும்போது, பெட்ரோல் ஊற்றிக்கொண்டு பனியில் போகிறவரை என்னவென்று சொல்வது? நான் வாய்விட்டே சொல்லியிருக்கிறேன், உங்களுக்குக் கிறுக்குத்தான் பிடித்திருக்கிறது என்று.

"ஆமா, கிறுக்குத்தான்" என்று ஒப்புக்கொண்டார். "வீட்டுல இருந்தா இவுக 'ஏ செல்வி'ம்பாக. அங்கிட்டுப் போனா அத்தன பிள்ளைகளும் 'அக்கா, அக்கா'ங்கும். வண்டில ஏறிட்டா என்னையக் கூப்பிட ஒருத்தரும் கெடையாது. நான் பாட்டுக்கு எங்கயோ போயிருவேன். திருச்சுழி வந்து எறங்குனாத்தான் நெனப்பு வரும்."

அந்த 'எங்கயோ' எங்கே என்று கேட்டால் சரியாகச் சொல்லத் தெரியாது. ஆனால் பாதையைப் பற்றிக் கேட்டால் கண் சொருகிவிடும். கண்மாய்ப் பள்ளத்தில் குளிர் மாடு மாதிரி படுத்துக் கிடக்குமாம். இடது கையில் கிளட்சைப் பிடித்து, காலால் கியரைக் குறைத்து வண்டியை இறக்கினால் முழங்கால் வரை நனைந்தது போலிருக்குமாம். மேடேறினால் பாறைக்காட்டில் நேற்றைய வெயில் இன்னும் மிச்சமிருக்குமாம், முகத்தில் வந்து தடவுமாம். அடுத்து கொத்தமல்லிக் காட்டு வாசம். பிறகு வாசமே இல்லாமல் வெறும் வெள்ளை. "அந்த எடத்துல ரோடும் தெரியாது, வானமும் தெரியாது. வண்டி ஓடுதா நிக்கிதான்னு நமக்கே சந்தேகமாப் போகும். எம்புட்டு நல்லாருக்கும் தெரியுமா?" என்பார். பஸ்ஸில் ஷட்டரை இறக்கிவிட்டுத் துண்டைச் சுற்றிக்கொண்டு தூங்குகிற எனக்கு இதெல்லாம் எங்கே தெரியப் போகிறது? ஆனாலும் அவர் சொல்லும்போது, நானும் ஒரு தடவை பின்னால் உட்கார்ந்து போய்ப் பார்க்கலாமா என்று ஆசையாகத்தான் இருக்கும்.

எல்லாம் சரி. அக்காவுக்கு இளைப்பு உண்டு. வெயில் காலத்தில் இருக்கிற இடம் தெரியாது. கார்த்திகை பிறந்ததும் நெஞ்சுக்குள் விசில் ஊதும். ஈரக்காற்றில் வண்டி ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நானும் சொன்னேன், கொஞ்சம் கடுமையாகவே. அவருடைய கணவர் சந்தனம் அண்ணன் அருப்புக்கோட்டைக் கமிஷன் மண்டியில் மூட்டை தூக்குகிறவர். சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. அவர் ஒருநாள் சாவியை எடுத்து இடுப்பில் சொருகிக்கொண்டு, "இந்த வருசம் வண்டியத் தொட்ட, நடக்கிறதே வேற" என்று சத்தம் போட்டார். அக்கா உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்தார். மறுநாள் காலை சாவி தானாக ஆணியில் தொங்கியது. அண்ணனுக்கு அவ்வளவுதான் கோபம் வரும்.

கார்த்திகை முழுக்க இதே பேச்சு. "அடுத்த வாரம் பாப்போம்" என்பார் அக்கா. அடுத்த வாரம் வரும். "பனி இன்னும் இங்கிட்டு எறங்கல சிஸ்டரு" என்பார். எறங்காமல்தான் இவருக்குக் குல்லாவும் சாக்ஸுமா?

மூடுபனி விழும் நாட்களில் எங்கள் பாதையில் ஒரு வழக்கம் உண்டு. முன்னால் பஸ் போகும். அதன் சிவப்பு விளக்கைப் பிடித்துக்கொண்டு பின்னால் அக்கா. அக்காவுக்குப் பின்னால் இன்னும் சில வண்டிகள். யாரும் யாரையும் முந்தமாட்டார்கள். அன்றைக்கெல்லாம் நான் தூங்காமல் கடைசி சீட்டில் உட்கார்ந்து பின்கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தால் அக்காவின் விளக்கு மஞ்சளாக மிதந்துகொண்டே வரும். மார்கழி பிறந்த வாரத்தில் ஒருநாள் அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தபோதே, கண்மாய்க் கரை தாண்டியதும் அந்த விளக்கைக் காணவில்லை. முன்னால் ஓடி டிரைவரிடம் சொன்னேன். ஓரங்கட்டி ஆரன் அடித்துப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை. பாதி ரோட்டில் பஸ்ஸை எவ்வளவு நேரம் நிறுத்த முடியும்?

நான் டூட்டியில் ஏறிக் கொஞ்ச நேரத்தில் அக்காவைக் கொண்டுவந்தார்கள். ஆட்டு வியாபாரி முத்துராமலிங்கம் தன் வண்டியில் வைத்துக் கூட்டிவந்திருந்தார். மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. டாக்டர் பார்த்து மருந்தைச் சொல்ல, நான் மாஸ்க்கை மாட்டிப் புகைமருந்து வைத்தேன். மனுஷி சும்மா இருந்தால்தானே! மாஸ்க்கை விலக்கி ஒரு பேச்சு, மாட்டிக்கொண்டு நாலு மூச்சு.

நடந்தது இதுதான். பஸ்ஸுக்கும் அக்காவுக்கும் நடுவில் விறகு ஏற்றிய டிராக்டர் ஒன்று குறுக்கே நுழைந்திருக்கிறது. அதன் பின்னாலும் ஒரு சிவப்பு விளக்கு. அதுதான் பஸ் என்று அக்கா அதன் பின்னாலேயே போயிருக்கிறார். டிராக்டர் ரோட்டை விட்டுக் கருவேலங்காட்டுக்குள் இறங்க, அக்காவும் இறங்கியிருக்கிறார். விளக்கு நின்ற இடத்தில் பார்த்தால், விறகை அடுக்கி மண் போட்டு மூடிய கரிமூட்டம். உள்ளுக்குள் கனன்றுகொண்டிருந்தது.

"வெள்ளப் பனிக்குள்ள அது மட்டும் வெதுவெதுன்னு மூச்சு விட்டுட்டுக் கெடக்கு சிஸ்டரு. அதச் சுத்தி ஆளுக உக்காந்து கைய நீட்டிக்கிட்டு இருக்காக. செத்துட்டமோ, மேலோகத்துக்குத்தான் வந்துட்டமோன்னு நெனச்சேன். பயமே வரல. நல்லாத்தான் இருந்துச்சு" என்றார். முகம் நீலம் பாரித்துக்கிடக்கிறது, பேச்சைப் பாருங்கள். கரிப்புகைதான் நெஞ்சை அடைத்தது என்பதை அவர் சொல்லவே இல்லை. கரி போடுகிற அழகுத்தாய் என்ற அம்மாதான் முதுகைத் தேய்த்துவிட்டு மூச்சை வரவைத்தாராம். முத்துராமலிங்கம் சொன்னார்.

அவர் இன்னொன்றும் சொன்னார், சிரித்துக்கொண்டே. "நாங்க மூணு வண்டியும் இந்தம்மா பின்னாலயே காட்டுக்குள்ள எறங்கிட்டோம்ல! தெனமும் இவுக வெளக்கப் பாத்துத்தான வாரோம். இவுக கெணத்துல எறங்குனாலும் நாங்களும் எறங்கியிருப்போம்."

பெருமையாகத்தான் சொன்னார். மாஸ்க்குக்குள் அக்காவின் சிரிப்பு அப்படியே நின்றது. தனியாகப் போவதற்கென்றே வண்டி எடுத்த மனுஷி. தன் முதுகை நம்பி மூன்று பேர் வருவது அவருக்கு அன்றுதான் தெரியும். அதற்குப் பிறகு அவர் மாஸ்க்கை விலக்கவில்லை.

சாயங்காலம் பஸ்ஸில் என் கூடவே திரும்பினார். ஊர் வரும்போது சொன்னார். "எனக்குன்னா பரவால்ல சிஸ்டரு. மூச்சு முட்டி நான் நடு ரோட்டுல விழுந்தா, பின்னால வாரவுக என் மேல ஏத்திட்டு அவுகளும்ல விழுவாக?" நான் கையைப் பிடித்துக்கொண்டேன். அழுகை வந்தது எனக்குத்தான்.

முத்துராமலிங்கத்திடம் சொல்லி வண்டியை வரவழைத்து, துடைத்து, சாவியைத் தானே கொண்டுபோய் அண்ணன் கையில் கொடுத்தார். "தை பொறந்து வெயிலு ஏறட்டும், அதுவரைக்கும் வச்சிருங்க" என்றார். அண்ணன் முகத்தில் ஜெயித்த களை இல்லை. "ஒடம்புக்கு ரொம்ப முடியலையா செல்வி?" என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார்.

இப்போது அக்கா முதல் பஸ்ஸில் என் பக்கத்தில் வருகிறார். சன்னல் இடுக்கில் காற்று வருமென்று நான் அந்த ஓரத்தில் உட்கார்ந்து அவரை இந்தப் பக்கம் வைத்திருக்கிறேன். முதல் இரண்டு நாள் விறைப்பாக உட்கார்ந்து டிரைவரையே பார்த்துக்கொண்டு வந்தார். "இந்த மனுசன் என்ன இப்படிப் போட்டு முறுக்குறாரு?" என்று குறை வேறு. நேற்று என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். நான் பழக்கதோஷத்தில் காதை வைத்துக் கேட்டேன். நெஞ்சில் விசில் இல்லை. மூச்சு சீராக, பிள்ளை மூச்சு மாதிரி இருந்தது.

வெளியே ஒன்றுமே தெரியாத வெள்ளை. பஸ் கண்மாய்ப் பள்ளத்தில் இறங்கியது. தூக்கத்திலேயே அக்காவின் இடது கை என் மணிக்கட்டைத் தேடி வந்து பிடித்தது. நாலு விரலும் சேர்ந்து இறுக்கின. அவருடைய இடது பாதம் செருப்போடு பஸ்ஸின் தரையை ஒரு அழுத்து அழுத்தியது. பிறகு என் மணிக்கட்டை விரல்கள் மெதுவாக, மிக மெதுவாக விட்டன.