கண்ணாடிக்கு இந்தப் பக்கம்

அக்கா என்று கூப்பிடுவேனே தவிர, அவள் எனக்குக் கூடப் பிறந்தவள் இல்லை. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் அடித்தளத்தில், துணி துவைக்கும் பகுதியில், பதினாறு வருஷம் என்னோடு படுக்கை விரிப்பு மடித்தவள். ஒரு விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, ஒரு சுண்டு சுண்டி உதறி, எதிரெதிரே நடந்து வந்து முனைகளைச் சேர்க்க வேண்டும். தினம் முந்நூறு விரிப்பு. முந்நூறு தடவை அவள் முகத்தைப் பக்கத்தில் பார்த்திருக்கிறேன். பார்த்து என்ன பிரயோஜனம்? கண் இருந்தும் குருடியாகத்தான் இருந்து தொலைத்திருக்கிறேன்.

விடிவதற்கு முன்னால் உள்ளே போனால், இருட்டிய பிறகுதான் வெளியே வருவோம். எங்கள் அறைக்கு ஜன்னல் கிடையாது. நீராவியும் குழல் விளக்கும்தான். விடுமுறை நாளில் நான் ஊர் சுற்றுவேன். அக்கா வீட்டை விட்டு நகர மாட்டாள். நாலு வருஷத்துக்கு முன்னால் அவள் வீட்டுக்காரருக்குப் பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. லிஃப்ட் இல்லாத கட்டிடம், மூன்றாவது மாடி, ஐம்பத்து நாலு படி. பகலில் பக்கத்து வீட்டுப் பெண் தண்ணீரும் கஞ்சியும் கொடுப்பாள். மற்றதெல்லாம் அக்காதான். வேலை முடிந்து போகும்போது கடைசித் திருப்பத்தில் நின்று, "வந்துட்டேன்!" என்று குரல் கொடுப்பாள். உள்ளேயிருந்து "ம்" என்று வரும். அவரிடம் மிச்சமிருந்தது அந்த ஒரு எழுத்துதான்.

"அந்த 'ம்' கேட்டாத்தான்டி எனக்கு மூச்சே வரும்" என்பாள்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் அவள் நடை மாறியது. இடுப்பை இரண்டு பக்கமும் ஆட்டி ஆட்டி நடந்தாள். "வாத்து" என்று பெயர் வைத்தவள் நான்தான். என் நாக்கை அறுத்துப் போட வேண்டும். அவளும் சேர்ந்து சிரித்தாள். "வாத்துன்னா முட்டையாவது போடும்டி. நான் அதுக்கும் லாயக்கில்ல."

முழங்காலுக்குக் கீழே எலும்பைத் தொட்டாலே வலித்தது. உட்கார்ந்தால் தொடையில் கையை ஊன்றித்தான் எழுந்தாள். நின்று நின்று வேலை செய்கிற உடம்பு, வயது ஐம்பத்து நாலு, வேறு எப்படி இருக்கும் என்று நாங்களே முடிவு கட்டிக்கொண்டோம். விரிப்பு மடிக்கும்போது அவள் நடக்க வேண்டிய தூரத்தையும் சேர்த்து நானே நடந்தேன். அவள் நின்ற இடத்தில் நின்றாள். கணக்கு குறையாததால் சூப்பர்வைசர் கண்ணில் ஒன்றும் படவில்லை. உதவி என்று நினைத்துத்தான் செய்தேன். நோயை மூடி வைத்தேன் என்று இப்போது தெரிகிறது.

ஊழியர்களுக்கு ரத்தப் பரிசோதனை என்று ஒரு நாள் எல்லோரையும் மேலே கூப்பிட்டார்கள். அக்காவின் காகிதத்தைப் பார்த்த எலும்பு டாக்டரம்மா, சின்னப் பெண், நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"வைட்டமின் டி சுத்தமா இல்லம்மா. வெயிலே படாம இருந்திருக்கீங்க. அதான் எலும்பு உறுதி இல்லாமப் போச்சு, சதைக்கும் பலம் இல்ல. பயப்படாதீங்க, சரி பண்ணிடலாம்."

அக்கா கேட்டது ஒன்றே ஒன்றுதான். "படி ஏற முடியுமா டாக்டர்?"

"நல்லா ஏறலாம்."

வாரத்துக்கு ஒரு பெரிய மாத்திரை, எட்டு வாரம். தினமும் ஒரு கால்சியம். மதியத்தில் கை கால் தெரிய கொஞ்ச நேரம் வெயில். மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்தம் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் வைத்தியம்.

மதியம் எங்களுக்கு அரை மணி நேரம்தான் ஓய்வு. முன்பக்கத் தோட்டத்தில் சீருடையோடு உட்காரக் கூடாது என்று வாட்ச்மேன் விரட்டினான். விடுவேனா? "நோயாளி உட்காரலாம், நோயாளி படுக்கிற துணியைத் துவைக்கிறவ உட்காரக் கூடாதா? இது எந்த ஊர் நியாயம்?" என்று கத்தினேன். கூட்டம் கூடிவிட்டது. கடைசியில் அவனே இறங்கி வந்து, இரண்டாம் மாடிக் கண்ணாடி வராந்தாவில் ஒரு ஓரத்தைக் காட்டினான். கோட்டையைப் பிடித்தவள் மாதிரி அக்காவை அங்கே கூட்டிப்போய் உட்கார வைத்தேன். தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி. வெயில் கொட்டியது. சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு உட்கார்ந்த அவளுக்குக் கழுத்தெல்லாம் வியர்த்தது.

"அப்பாடா, எலும்புக்குள்ளேயே இறங்குதுடி" என்றாள்.

நாலு வாரம் மாத்திரை போட்டும் வலி குறையவில்லை. "வெயில்தான் தினமும் காயுறேனே, இது வேற எதுக்கு?" என்று கேட்டாள். மேதாவி நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அதானே! வெயில்ல கிடைக்கிறதைத்தானே மாத்திரையில அடைச்சுத் தர்றாங்க. சும்மாவே கிடைக்கும்போது விழுங்குவானேன்?" மாத்திரை நின்றது. மூன்றாம் மாதப் பரிசோதனைக்கும் நாங்கள் போகவில்லை.

எட்டு மாதம் அந்தக் கண்ணாடியடியில் காய்ந்தாள். ஒரு திங்கட்கிழமை காலை, முதல் விரிப்பு. வழக்கம்போல ஒரு சுண்டு சுண்டினேன். பெரிதாக ஒன்றும் இழுக்கவில்லை. அவள் பக்கவாட்டில் சாய்ந்தாள். ஈரத் தரையில் விழுந்தவளால் எழ முடியவில்லை. இடுப்பு எலும்பு முறிந்திருந்தது.

ஆபரேஷன் முடிந்து அதே டாக்டரம்மா வந்தாள். "மாத்திரையை ஏன் நிறுத்தினீங்க? வெயில்லயாவது உட்கார்ந்தீங்களா?"

"ஒரு நாள் விடாம" என்று நான் பெருமையாகச் சொன்னேன். "கண்ணாடி வராந்தாவுல."

"கண்ணாடி வெளிச்சத்தை விடும், சூட்டை விடும். உடம்புல வைட்டமின் உண்டாக்குற கதிரை மட்டும் விடாதும்மா. நானாவது அன்னிக்கே விவரமாச் சொல்லியிருக்கணும்."

அவள் என்னை ஓங்கி ஒரு அறை விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அக்கா என்னைத் திட்டவில்லை. "அவருக்கு யாருடி சாப்பாடு ஊட்டுவா?" என்றுதான் அழுதாள். நான் போனேன். காலையும் மாலையும் ஐம்பத்து நாலு படி ஏறினேன். கடைசித் திருப்பத்தில் அவள் மாதிரியே "வந்துட்டேன்!" என்று குரல் கொடுத்தும் பார்த்தேன். உள்ளேயிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. இரண்டு கரண்டி வாங்கிக்கொண்டு முகத்தை வாசல் பக்கம் திருப்பிக்கொள்வார். பத்தொன்பதாம் நாள் காலையில் நான் போனபோது முகம் வாசல் பக்கம்தான் இருந்தது. உயிர் இல்லை.

அக்காவைச் சக்கர நாற்காலியில் கட்டிடத்தின் வாசல் வரைதான் கொண்டுவர முடிந்தது. அவளால் மேலே போக முடியவில்லை. மூன்று வருஷமாகக் கீழே இறங்காத மனுஷரை நாலு பேர் இறக்கிக்கொண்டு வந்தார்கள்.

"என்னைத் தேடி இறங்கி வந்துட்டீங்களா?" என்று கேட்டாள். அங்கே நின்ற யாராலும் தாங்க முடியவில்லை.

அதற்குப் பிறகு மாத்திரையை நானே வாரம் தவறாமல் கொடுத்தேன். மதியத்தில் திறந்த வெளியில், தலைக்கு மேல் ஒன்றுமில்லாத இடத்தில் உட்கார வைத்தேன். பாழாய்ப் போன மருந்து வேலை செய்தது. வலி போனது, ஆட்டம் குறைந்தது. ஐந்து மாதம் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலிருந்த தன் அண்ணன் வீட்டில் இருந்துவிட்டு, சொந்த வீட்டுக்கே போகிறேன் என்று பிடிவாதம் பிடித்தாள்.

கைப்பிடியைப் பிடித்து ஏறினாள். நான் பின்னாலேயே பையைத் தூக்கிக்கொண்டு போனேன். ஓரிடத்திலும் நிற்கவில்லை. டாக்டரம்மா சொன்னது போலவே நல்லா ஏறினாள். கடைசித் திருப்பத்தில் வாய் தானாகத் திறந்தது.

"வந்துட்டேன்!"

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. அப்படியே நின்றாள். தாங்காமல் நானே இரண்டு படி கீழேயிருந்து "ம்" என்றேன்.

அக்கா திரும்பிப் பார்த்தாள். "நீ சும்மா இருடி" என்று சொல்லிவிட்டு, இடுப்பிலிருந்து சாவியை எடுத்தாள்.