கதாநாயகனின் அம்மா எங்கே போனார்?

சாந்தகுமாரி அக்காவுக்கு முப்பத்தெட்டு வயது. பர்மாவில், லைங் தாயாவில் உள்ள ஒரு தையல் ஆலையில் காலர் தைக்கிறார். பள்ளியை முடித்ததும் நானும் அங்கேயே சேர்ந்தேன். பஸுந்தாங்கிலிருந்து ஆலை பஸ்ஸில் ஒன்றரை மணி நேரப் பயணம். வழியெல்லாம் அக்கா கதை சொல்வார். தமிழில் படித்ததைப் பர்மிய மொழியில்தான் சொல்வார். பஸ்ஸில் முக்கால்வாசிப் பேருக்குத் தமிழ் தெரியாது. பெண்கள் பெயருக்கு முன் 'மா', ஆண்கள் பெயருக்கு முன் 'கோ' என்று மரியாதைக்குச் சேர்ப்பது அங்கே வழக்கம்.

பஸ்ஸை ஓட்டுபவர் தனசேகரன். கண்ணாடிக்குக் கீழே பிள்ளையார் வைத்திருக்கிறார். போன மழைக்காலத்தில் அவர் அக்காவிடம், "என்னைக் கட்டிக்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டார். அக்காவுக்கு அவரைப் பிடிக்கும். ஆனால் அக்கா கிறிஸ்தவர். தனசேகரனை மதம் மாறச் சொல்வதா, அப்படியே கட்டிக்கொள்வதா என்று தெரியாமல் பதிலைத் தள்ளிப்போட்டு வந்தார்.

எங்கள் சபையில் பெண்கள் கூட்டத்தை நடத்தும் தங்கமணி அக்காவுக்கு இது எட்டியது. அவர் சாந்தகுமாரி அக்காவிடம் ஒரு நாவலைக் கொடுத்து, "படி. உனக்கே புரியும்" என்றார்.

நூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய கடற்கரை ஊர்க் கதை. மிஷன் ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் எஸ்தர், தோணி கட்டும் வேலாயுதத்தை விரும்புகிறாள். மூன்று வாரம் அந்தக் கதை பஸ்ஸில் ஓடியது. எஸ்தரின் ஜெபங்களில் ஒன்றை அக்கா நோட்டில் எழுதிவைத்து, மெஷினில் உட்காரும் முன் வாசிப்பார். காலரா வந்த தெருவில் எஸ்தர் தனியாக நடந்ததைச் சொன்ன அன்று பஸ்ஸில் ஒருவர்கூடத் தூங்கவில்லை.

கடைசி அதிகாரத்தைப் படித்துவிட்டு வந்த நாளில் அக்கா கதையைத் தொடங்காமல் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அமலே, அம்மாடி! மா சாந்தா, கல்யாணம் ஆச்சா இல்லையா? சொல்லாம இறங்க விடமாட்டோம்" என்று பின்சீட்டிலிருந்து, கூடத் தைக்கும் மா கின் பர்மிய மொழியில் கத்தினாள்.

அக்கா ஒன்றையும் மாற்றாமல் சொன்னார். புயலில் தோணி கவிழ்கிறது. வேலாயுதம் எஸ்தரின் கடவுளைக் கூப்பிட்டுப் பிழைக்கிறான். அடுத்த பக்கத்தில் ஞானஸ்நானம், அதற்கடுத்த பக்கத்தில் கல்யாணம். பெண்கள் கைதட்டினார்கள். அக்கா தட்டவில்லை.

"ஏன், பிடிக்கலையா?" தனசேகரன் ரோட்டைப் பார்த்தபடியே தமிழில் கேட்டார்.

"பிடிச்சுச்சு. கல்யாணத்த ரெண்டு தடவ படிச்சு அழுதேன். ஆனா கோ சேகர், வேலாயுதத்தோட அம்மா எங்க போச்சு? இருபது அதிகாரமா அவனுக்குக் கஞ்சி காய்ச்சிக் குடுத்துச்சு. இவன் ஞானஸ்நானத்துல முங்கி எந்திரிச்ச பொறவு அதோட பேரே காணோம். கல்யாணத்துக்குக் கூப்பிட்டானா, அது அழுதுச்சா, ஒரு வரி இல்ல."

"எங்கம்மாவா இருந்தா கூப்பிடாமலே வந்து மொத பந்தியில உக்காந்துரும்" என்றார் தனசேகரன்.

"என்ன ரகசியம்? பர்மிய மொழியில சொல்லுங்க!" என்றாள் மா கின். அக்கா சொன்னார். பஸ் முழுக்கச் சிரிப்பு. அக்காவும்தான் சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அக்கா புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தார். நான் பக்கத்தில் இருந்தேன்.

"புரிஞ்சுச்சா?" என்றார் தங்கமணி அக்கா.

"புரிஞ்சுச்சுக்கா. நான் அவர மாறச் சொல்லப் போறதில்ல. சொன்னா மாறிருவாரு, அதான் பயமா இருக்கு. அது எனக்காக மாறுறது. ஆண்டவருக்காக இல்லையே?"

"அப்ப இங்க கல்யாணம் நடக்காது."

"தெரியும்."

சாந்தகுமாரி அக்காவின் குரல் இறங்கிவிட்டது. வெள்ளைச் சேலை கட்டி இதே பெஞ்சுகளுக்கு நடுவே நடக்க வேண்டும் என்பது அவருடைய சிறுவயது ஆசை. பெஞ்சுகளை ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு அக்கா, "இந்த நாவல எழுதுனவங்களோட வேற புத்தகம் இருக்கா?" என்று கேட்டார்.

"நல்லாப் படி, ஆனா அது சொன்னத மட்டும் கேக்காத" என்று முணுமுணுத்துக்கொண்டே தங்கமணி அக்கா அலமாரியைத் திறந்தார்.

திங்கட்கிழமை காலையில் சாந்தகுமாரி அக்கா முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

"ஜனவரியில நீதிபதி முன்னாடி கையெழுத்துப் போட்டுக்குவோம், கோ சேகர். ஞாயித்துக்கிழமை காலையில மட்டும் என்னை வீட்டுல தேடக் கூடாது."

தனசேகரன் வண்டியைக் கிளப்ப மறந்து அவரையே பார்த்தார்.

"எதுக்குத் தேடணும்? சர்ச் வாசல்ல நான்தானே கொண்டுவந்து விடப்போறேன்" என்றார்.