சுண்ணாம்பு பூசிய அளவுக்கல்

இந்த வாரம் நாகர்கோவில் மோட்டார் பஸ்களைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். எழுதப்போவதில்லை. பஸ் எங்கே ஓடிவிடப்போகிறது? ஓடினாலும் பாதி வழியில் நிற்கும். இப்போது எனக்கு வயிறு எரிகிறது. அதை முதலில் கொட்டிவிடுகிறேன்.

போன மாதம் சர்க்காரிடமிருந்து ஒரு கடுதாசி வந்தது. அஞ்சுகிராமத்துக்குப் பக்கத்திலுள்ள எங்கள் ஊர்க் குளத்தைப் பற்றி. சுருக்கம் இதுதான் — குளத்தில் மண் சேரவில்லை, தூர் வாரத் தேவையில்லை.

சேரவில்லையாம்!

குளத்துக்குத் தெற்கே ஒரு பாறைக்குன்று. பொத்தை என்போம். அதில் ஒரு காலத்தில் உடை என்கிற முள்மரங்கள் நின்றன. விறகுக்கென்று நாமே வெட்டித் தீர்த்தோம். மாதக்கணக்கில் வெயில் காய்கிறது. பிறகு ஒரு நாள் கொட்டு கொட்டென்று கொட்டுகிறது. அந்த ஒரு நாளில் சரிவு மண் அத்தனையும் குளத்துக்கு வந்துவிடும். குளம் சீக்கிரம் நிறையும். அதைவிடச் சீக்கிரம் வற்றும்.

ஞானப்பூ அக்காவின் வயல் கடைமடையில் இருக்கிறது. கணவர் இல்லை. இரண்டு பெண்பிள்ளைகள். அந்த வயல் விளைந்தால்தான் வீட்டில் கஞ்சி. இந்தத் தடவை, மாசியில் அறுக்கிற கும்பப்பூ நெல் பால் பிடிக்கிற சமயத்தில் குளத்தில் சொட்டுத் தண்ணீர் இல்லை. பயிர் நின்றபடியே வைக்கோலாயிற்று. கோடையில் தூர் வாரினால் அடுத்த பயிராவது பிழைக்குமே என்று நான்தான் மனு எழுதினேன். ஓவர்சீயர் நேரில் வந்து பார்ப்பார் என்று பதில் வந்தது.

அங்கேதான் பிடித்தது சனி.

மடைக்குப் பக்கத்தில் அளவுக்கல் ஒன்று உண்டு. அடிக்கு அடி கோடு போட்ட கல். முக்கால்வாசி மண்ணுக்குள் புதைந்து கிடந்தது. அப்படியே விட்டிருந்தால் கல்லே சாட்சி சொல்லியிருக்கும். விட்டோமா? உத்தியோகஸ்தர் வருகிறாரே! முதல் நாளே ஊர் மண்வெட்டியோடு இறங்கிவிட்டது. கல்லைச் சுற்றி, ஆக அடியிலுள்ள கோடு தெரியும்வரை தோண்டி, மண்ணைக் கரையில் குவித்தார்கள். தண்ணீர் வற்றினாலும் சகதி காயவில்லை; அது அவர் காலில் படக்கூடாதென்று கரையிலிருந்து கல் வரைக்கும் பாதை வெட்டினார்கள். கல்லுக்குச் சுண்ணாம்பு. மேலே குருத்தோலைத் தோரணம் வேறு!

ஓவர்சீயர் வந்தார். புதுப் பூட்ஸ். பாதையில் இறங்கிக் கல்லைப் பார்த்தார், கையிலிருந்த பழைய ரிக்கார்டைப் பார்த்தார்.

“அடிக்கோடு சுத்தமாகத் தெரிகிறதே. மண் எங்கே சேர்ந்திருக்கிறது?” என்றார்.

“நேற்று நாங்கள்தான் தோண்டினோம் சார்” என்றேன்.

“ரொம்ப நல்லது. ஊரார் குளத்தை நன்றாகப் பராமரிக்கிறார்கள் என்று ரிப்போர்ட்டில் சேர்க்கிறேன்.”

ஞானப்பூ அக்கா விடவில்லை. கடப்பாரையோடு வந்து பாதைக்கு வெளியே நின்றாள்.

“ஏமானே, இந்தத் தொவைக்கல்லைப் பாருங்க. நான் கெட்டி வந்த வருசம் எனக்க இடுப்பளவு நின்னுது. இப்பம் தரையோட தரையா கெடக்கு.”

சொல்லிவிட்டுக் கடப்பாரையைக் குளத்துத் தரையில் ஊன்றி அழுத்தினாள். இறங்கியது... இறங்கிக்கொண்டே இருந்தது. கடைசியில் அவள் கைப்பிடி மட்டும்தான் வெளியே.

“இவ்வளவும் பொத்தையில இருந்து வந்த மண்ணாக்கும். நாலு எட்டு இங்க வந்து பாத்துட்டு எழுதுங்க.”

நாலு எட்டு! பூட்ஸ் பாதையைவிட்டு இறங்கவில்லை.

“அம்மா, சர்க்கார் அளவு அளவுக்கல்லில்தான். கடப்பாரையில் இல்லை” என்றார். அதோடு விட்டாரா? “மேற்கே கல்குளம் பக்கமெல்லாம் பார்த்துவிட்டுத்தான் வருகிறேன். அங்கே குளங்களில் பெரிதாக மண் சேர்வதில்லை. இங்கே மட்டும் எப்படிச் சேரும்?”

கேட்டீர்களா நியாயத்தை? கல்குளத்தில் மழை மாதம் தவறாமல் வந்துபோகிறது. மரமும் புல்லும் மண்ணை இறுக்கிப் பிடித்திருக்கின்றன. இங்கே மொட்டைப் பாறையும் செம்மண்ணும். எது பிடிக்கும்? ஒரு பகல் வண்டிப் பயணத்துக்குள் மழை மாறுகிறது, மண் மாறுகிறது. ஓவர்சீயரின் கணக்கு மட்டும் மாறாது. அங்கே அளந்ததை இங்கே எழுத எதற்கு ஐயா குளத்துக்கு வர வேண்டும்? ஆபீசில் உட்கார்ந்தே எழுதியிருக்கலாமே!

அவரை இவ்வளவு திட்டுகிறேன். இன்னொருவனையும் திட்ட வேண்டும். ‘பெரிய மனுஷன் வருகிறார், கல்லைக் கொஞ்சம் சுத்தம் பண்ணி வையுங்கள்’ என்று ஊருக்குச் சொன்ன புத்திசாலி யார் தெரியுமா? நான்தான். மனுவும் நான் எழுதினேன், அதன் கழுத்தையும் நானே நெரித்தேன்.

போகட்டும். மேலதிகாரிக்கு இன்னொரு மனு போட்டேன். வேறொருவர் வந்து பார்ப்பார் என்று முந்தாநாள் தகவல் வந்தது. அதைச் சொல்ல அக்கா வீட்டுக்குப் போனேன். அவள் குளத்தில் நிற்பதாகப் பெண்பிள்ளைகள் சொன்னார்கள்.

போய்ப் பார்த்தால், கரையில் குவித்திருந்த மண்ணைக் கூடை கூடையாகச் சுமந்து அளவுக்கல்லைச் சுற்றிக் கொட்டிக்கொண்டிருக்கிறாள்.

“அக்கா! இது என்ன கூத்து?”

“வாற ஆளும் பூட்ஸ் போட்டவராத்தான் இருப்பாரு தம்பி. கல்லை மட்டுந்தான் பாப்பாரு. அந்தக் கல்லு பொய் சொல்லக்கூடாதுல்லா? இருந்த மண்ணு இருந்த எடத்துல கெடக்கட்டும்.”

மண்ணை எடுக்கச் சொல்லி மனுப் போட்டவர்கள், மண்ணைச் சுமந்து குளத்தில் கொட்டுகிறோம். இந்த வெட்கக்கேட்டை யாரிடம் சொல்ல? நானும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு கூடையை எடுத்தேன்.

“கூடை கெடக்கட்டும் தம்பி. ஒங்க யோசனையிலதானே வெள்ளை அடிச்சுது? அதை மொதல்ல சுரண்டுங்க” என்றாள்.

சுரண்டினேன். இதை எழுதும்போதும் நகக்கண்ணில் சுண்ணாம்பு இருக்கிறது.